லைஃப் ஜாக்கெட்: படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்கணும்

"நான் 90 கிலோ இருக்கேன். இந்தத் துக்கடா ஜாக்கெட் என்னைத் தாங்குமா?"

படகுத் துறைகளில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல், ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிட்டபடி படகில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குச் சரியான பதில் தெரிந்தால் மீதி விஷயமெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

கொஞ்ச நாளாக இது பற்றிப் படித்ததையும், ஒரு நீச்சல் குளத்தில் நானே சோதித்துப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். மீனவர்களுக்கும் கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கும் வேறு கணக்கு உண்டு. இது கொடைக்கானல் ஏரி, பிச்சாவரம், ஒகேனக்கல் பரிசல், ஆலப்புழை படகு வீடு என்று வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு தண்ணீரில் இறங்குகிற நம்மைப் போன்றவர்களுக்காக.

90 கிலோவை யாரும் தாங்க வேண்டியதில்லை

நம் உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். கிணற்றில் குடத்தை முக்கித் தூக்கியவர்களுக்கு இது தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை நிறைகுடம் கனக்காது, வெளியே வரும்போதுதான் கை வலிக்கும். உடம்பும் அப்படித்தான். 90 கிலோ ஆளின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் பலரும் மிதக்கவே செய்வார்கள். ஆனால் வெளியே தெரிவது உச்சந்தலை மட்டும்தான். மூக்கும் வாயும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். மூச்சை விட்டதும் அதுவும் கீழே போய்விடும்.

ஆக, தூக்க வேண்டியது 90 கிலோவை அல்ல, மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலே நிற்கிற அளவு தலையை. அதற்குப் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 கிலோ அளவு கூடுதல் மிதப்பு போதும். சதைப்பிடிப்பான ஆளுக்கு இன்னும் குறைவாகவே தேவைப்படும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஒல்லியாக, இறுகிய உடம்போடு இருப்பவர்தான் சீக்கிரம் அமிழ்வார். "நான் ஒல்லிதான், எனக்கு வேண்டாம்" என்பது நேர்மாறான கணக்கு.

ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் எண்

நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு தைத்திருக்கும். ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தரப்படி செய்ததென்றால் அதில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். இது நியூட்டன் கணக்கு. பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் நம் தேவைக்குப் போதும்.

50 என்பது ஏறக்குறைய 5 கிலோ மிதப்பு. இதை லைஃப் ஜாக்கெட் என்றே தரக்காரர்கள் சொல்வதில்லை, மிதக்க உதவும் சாதனம் என்றுதான் சொல்வார்கள். நீச்சல் தெரிந்தவர், கரைக்குப் பக்கத்தில், உடனே உதவி கிடைக்கும் இடத்தில் போடுவதற்கானது. கயாக் ஓட்டுபவர்கள் கையை வீசித் துடுப்புப் போட வசதியாக இதைத்தான் போடுவார்கள்.

100 என்பது அமைதியான ஏரி, உப்பங்கழி போன்ற இடங்களுக்கு. 150 திறந்த கடலுக்கு. 275 கனமான உடையும் கருவிகளும் சுமந்து ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கு.

50க்கும் 100க்கும் உள்ள முக்கிய வித்தியாசம் எடைக் கணக்கில் இல்லை. ஆளைத் திருப்பிப்போடுவதில் இருக்கிறது. விழும்போது தலை எதிலாவது இடித்து நினைவு தப்பிவிட்டது என்று வையுங்கள். முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்திருக்கிறது. 100ம் அதற்கு மேலும் உள்ள ஜாக்கெட்டில் மிதப்புப் பொருளை நெஞ்சுப் பக்கமும் கழுத்துப்பட்டையிலும் அதிகமாக வைத்திருப்பார்கள், முதுகில் குறைவாக. லேசான பக்கம் மேலே வரப் பார்க்கும், கனமான பக்கம் கீழே போகப் பார்க்கும். அதனால் ஆள் மல்லாந்து திரும்ப வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னும் சமமாக ஃபோம் வைத்த 50 ஜாக்கெட் இதைச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் போகும் குடும்பப் பயணத்துக்கு நான் வாங்குவதென்றால் 100க்குக் குறையாமல்தான் வாங்குவேன்.

"ஏதாவது ஆனா அப்போ போட்டுக்கலாம்"

இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது.

நீச்சல் குளத்தில், கால் எட்டாத ஆழத்தில், ஜாக்கெட்டைப் பக்கத்தில் மிதக்கவிட்டு, தண்ணீரிலேயே அதைப் போட முயன்றேன். எனக்கு ஓரளவு நன்றாகவே நீச்சல் தெரியும். அலை இல்லை, பயம் இல்லை, மேலே ஆள் நிற்கிறார். அப்படியும் அது லேசில் நடக்கவில்லை. ஜாக்கெட் மிதக்கிற பொருள் அல்லவா, கீழே அழுத்தி அதற்குள் கையை நுழைக்கப் பார்த்தால் நழுவி மேலே வருகிறது. ஒரு கை உள்ளே போனதும் மறுபக்கம் முதுகுக்குப் பின்னால் மிதந்து போகிறது. கொக்கியை மாட்ட இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் கொக்கிக்குக் கொடுத்தால் நீந்துவது யார்? வேட்டியோ சேலையோ ஜீன்ஸோ உடுத்தி, நீச்சல் தெரியாமல், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவரை அந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

படகு கவிழும்போது அதற்கான நேரமும் கிடைப்பதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் வந்த காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது. "ஜாக்கெட்டை எடுத்துப் போடுங்க" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் வகை விபத்து அது.

அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளை அந்நாட்டுக் கடலோரக் காவல்படை வருடாவருடம் தொகுக்கிறது. 2023ல் 564 பேர் இறந்தார்கள். சாவுக்குக் காரணம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் ஜாக்கெட் விவரம் பதிவானவர்களை எடுத்துக்கொண்டால், 87 சதவீதம் பேர் அதைப் போட்டிருக்கவில்லை. படகில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் இருக்க வேண்டும் என்று சட்டம் உள்ள நாடு அது. ஏற்றி வைப்பதும் போட்டுக்கொள்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதில் பழைய கதை ஒன்றும் உண்டு. 1861 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் புயலில் மாட்டிய கப்பல்களிலிருந்து ஆட்களைக் காப்பாற்றப் போன மீட்புப் படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஒரே ஆள் ஹென்றி ஃப்ரீமன். அப்போது புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டை உடம்பில் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

உடம்புக்குப் பொருந்தணும்

சட்டையைப் போல் தொளதொளவென்று போட்டால் ஜாக்கெட் வேலை செய்யாது. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே வரும், ஆள் கீழே போவார். இரண்டுக்கும் நடுவில் பட்டை இறுகியிருந்தால்தான் ஜாக்கெட் ஆளையும் சேர்த்துத் தூக்கும். தளர்ந்திருந்தால் அது காது வரை ஏறி முகத்தை மறைக்கும், இல்லாவிட்டால் தலை வழியே கழன்று தனியாக மிதக்கும்.

கரையிலேயே செய்கிற சோதனை சுலபம். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு கூட வந்தவரை இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையை இடித்தாலோ காதைத் தொட்டாலோ அது பெரிசு. வேறு அளவு கேளுங்கள். பெரியவர்களுக்கு அளவு பார்ப்பது மார்புச் சுற்றளவை வைத்து, எடையை வைத்து அல்ல.

நம் ஊர் உடைக்கென்று சில விஷயங்கள்:

துப்பட்டாவும் முந்தானையும் ஜாக்கெட்டுக்கு வெளியே பறக்க வேண்டாம். உள்ளே செருகி, அதற்கு மேல் பட்டையை இறுக்குங்கள். படகின் எந்தக் கம்பியிலும் சிக்காமல் இருக்கும்.

தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை இருந்தால், பேண்ட், சுடிதார் போட்டவர்கள் கண்டிப்பாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். சேலையில் அதை மாட்ட முடியாது. அப்போது இடுப்புப் பட்டைதான் கதி, அதை வழக்கத்தைவிட இறுக்க வேண்டும். படகுப் பயணம் உண்டு என்று முன்பே தெரிந்தால் அன்றைக்கு உடையை அதற்கேற்ப உடுத்திக்கொண்டால் நல்லது.

தோளில் குறுக்காக மாட்டும் பை, கேமரா வார் எதுவும் உடம்பில் வேண்டாம். நனைந்த பை கீழே இழுக்கும். கழற்றிக் காலடியில் வையுங்கள்.

குழந்தை விஷயத்தில் சமரசம் கிடையாது

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

நம் படகுத் துறைகள் பலவற்றில் நான் பார்த்த ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரே அளவு. மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதையேதான் மாட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், போட்டோவும் எடுப்பார்கள். என் அக்கா மகனுக்கு 6 வயது, 18 கிலோ. குளத்தில் அவனுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டி, கொக்கியெல்லாம் போட்டு, நான் அவனைப் பிடித்துக்கொண்டே மெதுவாகத் தண்ணீரில் இறக்கினேன். அடுத்த நொடியே ஜாக்கெட் அவன் கண்ணுக்கு மேலே போய்விட்டது, கை இரண்டும் ஓட்டை வழியே உருவிக்கொண்டு வந்தது. அவனுக்கு அது விளையாட்டு, கெக்கெக்கே என்று சிரித்தான். நான் கையை விட்டிருந்தால் ஜாக்கெட் மேலேயும் அவன் கீழேயுமாகப் போயிருப்பார்கள்.

குழந்தைகள் ஜாக்கெட்டை எடைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். அமெரிக்க முறையில் சுமார் 14 கிலோவுக்குக் கீழே ஒன்று, 14 முதல் 23 கிலோ வரை ஒன்று, 23 முதல் 41 கிலோ வரை ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான ஜாக்கெட்டில் மூன்று விஷயம் பாருங்கள். தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டை, தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை, பிள்ளையைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. குழந்தைகளின் தலை உடம்போடு ஒப்பிட்டால் கனம், அதனால் முகம் கவிழ்ந்துதான் மிதக்கப் பார்ப்பார்கள். கழுத்துப்பட்டை வெறும் அலங்காரமில்லை.

"வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கிடுவோம்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரிவராது. கையில் மாட்டும் காற்றுப் பை, இடுப்பு வளையம் எல்லாம் குளத்தில் விளையாடும் பொம்மைகள். மடியில் பிள்ளையை வைத்துப் பெரியவர் ஜாக்கெட்டால் மூடிக்கொள்வதும் பாதுகாப்பல்ல. விழும் வேகத்தில் பிடி விட்டுவிடும்.

எனவே என் யோசனை இது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது குழந்தையோடு படகில் போகிற குடும்பம் என்றால், பிள்ளையின் எடைக்கு ஏற்ற ஒரு ஜாக்கெட்டைச் சொந்தமாக வாங்கி, ஸ்வெட்டரும் குடையும் எடுத்துப்போவது மாதிரி பயணப் பையில் எடுத்துப் போங்கள். கனமே இல்லாத பொருள். பிள்ளை வளர்ந்ததும் உறவில் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். அது கையில் இல்லை, அங்கேயும் அளவாகக் கிடைக்கவில்லை என்றால், அன்றைக்கு அந்தப் பிள்ளையோடு ஒருவர் கரையில் நிற்கட்டும். பிள்ளை அழும்தான். ஒரு ஐஸ்கிரீமில் சரியாகிவிடும்.

2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மேல் ஆட்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் ஜாக்கெட் போட்டுவிடவும் இல்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது "படகு உண்டா? பிள்ளைங்க அளவுக்கு ஜாக்கெட் இருக்கா?" என்று ஒரு வரி கேட்பதில் தவறே இல்லை.

கொடுத்த ஜாக்கெட்டை எப்படிப் பார்ப்பது

அந்தக் காலத்தில் ஜாக்கெட்டுக்குள் தக்கை வைத்தார்கள். பிறகு வந்தது நம்ம இலவம்பஞ்சு. ஆமாம், போடிப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கும் அதே பஞ்சுதான். அதன் நார் உள்ளே குழலாக, காற்று நிரம்பி இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு போல ஒன்று இருப்பதால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகாது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1904லேயே இலவம்பஞ்சு ஜாக்கெட்டுக்கு மாறியது. ஆனால் நசுங்கினாலோ எண்ணெய் பட்டாலோ அந்தப் பஞ்சு மிதப்பை இழந்துவிடும்.

இப்போது உள்ளே இருப்பது ஃபோம், மூடிய சின்னச் சின்னக் காற்றறைகள் கொண்டது. ஆனால் அதுவும் நசுங்கும். வருடக்கணக்கில் மேலே ஆட்கள் உட்கார்ந்தும் மூட்டை ஏற்றியும் வந்தால் காற்றறைகள் உடைந்து மிதப்பு குறையும். ஜாக்கெட்டை மடித்து சீட்டில் போட்டு உட்காருவது அதனால்தான் கூடாது.

படகில் ஏறுமுன் அரை நிமிடம் போதும்:

1. கொக்கியை மாட்டி, வெடுக்கென்று இழுங்கள். கழன்றால் வேறு கேளுங்கள். கொக்கிக்குப் பதில் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தாலும் வேறு கேளுங்கள்.
2. துணியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் வெளிறிப் போயிருந்தால் வெயிலில் நூல் இற்றிருக்கும். தையல் ஓரத்தில் லேசாக இழுத்தாலே கிழியும்.
3. ஃபோமை அமுக்குங்கள். விட்டதும் மேலே எழ வேண்டும். அப்பளம் மாதிரி நொறுங்கினாலோ, பலகை மாதிரி விறைத்திருந்தாலோ, தண்ணீர் ஊறிக் கனத்தாலோ வேண்டாம்.
4. விசில் இருக்கிறதா என்று பாருங்கள். கத்துகிற சத்தத்தைவிட விசில் தூரம் கேட்கும், மூச்சும் மிச்சமாகும்.

சொந்த ஜாக்கெட் என்றால் உபயோகித்த பின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில், வாஷிங் மெஷின், இஸ்திரி மூன்றும் ஆகாது.

கார்பன் டை ஆக்ஸைடு குப்பி வைத்து ஊதிக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. வெக்கைக்குச் சுகம். ஆனால் குப்பி காலியாகவில்லையா, சரியாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், வருடாவருடம் பராமரிப்பும் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அது வேண்டாம். எப்போதாவது ஒருமுறை படகில் போகிறவருக்கு, விழுந்த கணத்திலேயே தானாக மிதக்கும் ஃபோம்தான் நம்பகம்.

ஜாக்கெட்டால் முடியாதது

கூரையும் திரைச்சீலையும் மூடிய படகு கவிழ்ந்தாலோ மூழ்கினாலோ, ஜாக்கெட் ஆளை மேலே தூக்கிக் கூரையோடு ஒட்டிவிடும். 1999ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 13 பேர் இறந்தபோதே கூரை ஆபத்து பற்றி விசாரணையில் எச்சரித்தார்கள். 2018 ஜூலை 19 அன்று மிசோரியின் டேபிள் ராக் ஏரியில் அதே வகைப் படகு புயலில் மூழ்கியது. 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். ஜாக்கெட்டுகள் படகிலேயே இருந்தன. ஆனால் போட்டுக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை, தலைக்கு மேலே கூரையும் வழியை அடைத்தது.

அதனால் திறந்த பக்கமாக, வெளியேறும் வழிக்கு அருகில் உட்காருங்கள். இரண்டு தளப் படகில் கண்ணாடி மூடிய கீழ்த்தளம் வேண்டாம். எல்லோரும் ஒரே பக்கம் திரளாதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்ததும் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு இரண்டு தளப் படகில்தான். எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் படகில் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் நீந்தப் பார்க்க வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் மூச்சு தாறுமாறாக இழுக்கும். மல்லாந்து, ஜாக்கெட்டில் சாய்ந்து, மூச்சு சீராகும்வரை சும்மா மிதங்கள். அதன் பிறகு விசில். பக்கத்தில் ஆள் இருந்தால் கைகோத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் நடுவில்.

உள்நாட்டுக் கலங்களுக்கு 2021ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, உயிர்காப்புச் சாதனங்கள் கட்டாயம்தான். ஆனால் பட்டையை இறுக்கிவிட அதிகாரி யாரும் படகில் ஏறுவதில்லை. "ஒரு ரவுண்டுதானே சார், பத்து நிமிஷம்" என்று படகுக்காரர் சொல்வார். நல்ல மனுஷராகவும் இருப்பார். அப்போது கரையில் நின்றே ஜாக்கெட்டை மாட்டி, தோள்பட்டையைத் தூக்கிச் சோதித்து, பிறகு படகில் காலை வையுங்கள். வேர்க்கும், போட்டோவில் சட்டை தெரியாது. பத்து நிமிஷம்தானே, பொறுத்துக்கொள்ளலாம்.